மணலில் கொட்டிய புளித்த மா

யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அது முடிந்த பிறகும் திரும்பாமல், கல்பிட்டியில் எங்கள் தெருவிலேயே கோதுமை மாவில் பாண் சுட்டு விற்றவர் ஒரு பெண். ஒல்லியான உடம்பு, பாண் சுடும் போறணை அடுப்பின் புகையில் சிவந்த கண்கள். ஒவ்வொரு நாளும் பாண் மாவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, பானையில் புளிக்க வைப்பார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், அஸர் தொழுதுவிட்டு நாலைந்து பேருடன் அவர் வாசலைக் கடந்தேன். பானையிலிருந்து கள்ளு மணம் வீசியது. நான் பள்ளிவாசல் நிர்வாகி, ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். ஒரு வார்த்தை கேட்காமல் பானையை மணலில் கவிழ்த்தேன்.

"பெருநாளும் அதுவுமா கள்ளா?"

விழுந்தது வெள்ளை மா.

"பாணுக்குப் போட்டு மிஞ்சின புளிச்ச மா சேர் அது! நாளைக்கு இனிப்புப் பணிஸ் சுட வெச்சிருந்தன். இவ்வளவு படிச்சும் மூக்காலயா தீர்ப்புச் சொல்றீங்க?"

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"மாவோ கள்ளோ, நாத்தம் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பானையில் ஒட்டியிருந்ததை வழித்து, புது மாவோடு சேர்த்துப் பிசைந்து, மறுநாள் தட்டு நிறையப் பணிஸ் சுட்டிருந்தார். என் சொல் அதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. ஒருவரும் வாங்கவில்லை.

பின்னேரம் அவருடைய பின்வேலிக்குப் போய் மெதுவாக மாப்புக் கேட்டேன்.

"ஊருக்கு முன்னால கொட்டிப்போட்டு, வேலிக்குப் பின்னால மாப்பா? ஜும்மாவுல எழும்பிச் சொல்லுங்க, சேர்."

அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை ஜும்மாக்கள். எல்லாவற்றிலும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருநாளும் எழும்பவில்லை. அந்தக் கோழையை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.