வயிற்றுக்குள் ஒரு காற்சட்டை

மண்வெட்டிப் பிடியால் என் கணவர் என் இடது மணிக்கட்டை முறித்தது தேநீர் ஆறிப்போனதற்காக. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே வேதம்: அடியாத மாடு படியாது. நான் மாடும் இல்லை, படியவும் இல்லை, ஆனாலும் அடி தவறாமல் விழுந்தது. தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப் இயங்காவிட்டாலும் என் முதுகுதான்.

அந்தக் கிழமையே அவருக்கும் முதுகில் நோ வந்தது. யாழ்ப்பாணம் போய் ஸ்கான் எடுத்தால், வயிற்றுக்குள் இறங்குகிற பெரிய இரத்தக்குழாய் பழைய சைக்கிள் ரியூப் மாதிரி ஓரிடத்தில் வீங்கிக் கிடந்தது. கட்டுப்போட்ட கையோடு நான்தான் பக்கத்தில் இருந்தேன். டொக்டர் கேட்டபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன்.

வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை என்றார் டொக்டர். இரண்டு தொடை இடுக்கிலும் சின்னத் துளை போட்டு, துணி போர்த்த கம்பிவலைக் குழாயைச் சுருக்கி உள்ளே அனுப்பி, வீங்கின இடத்தில் விரிப்பார்களாம். முதலில் குழாயின் உடம்பும் ஒரு காலும். பிறகு மற்றத் தொடையால் மற்றக் காலை அனுப்பி உள்ளேயே பொருத்துவது. பொருத்தி முடிந்தால் ஒரு காற்சட்டை. இரத்தம் அதற்குள்ளால் ஓடும், வீக்கத்தில் அழுத்தம் படாது. அவர் அளவுக்கான குழாய்த் துண்டுகள் வரும்வரை பாரம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது. வெடித்தால் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர நேரமிருக்காது என்றார்.

அடேயப்பா, அந்தக் காத்திருப்பு! கை ஓங்குவார், பிறகு அதே கையால் தன் வயிற்றைப் பொத்திக்கொள்வார். எந்தச் சொல் அவருக்கு நஞ்சு என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அன்பினால் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவரைக் கொல்லுகிற வேலையும் என் தலையிலா விழவேண்டும் என்ற எரிச்சல்தான்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. அடுத்த நாளே எழும்பி நடந்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அடித்த கை இருக்குமா?

கிளினிக்கில் டொக்டர் புதுப் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டார். குழாய் நகரலாம், இரத்தம் கசியலாம், ஆகவே ஆயுள் முழுக்க வருஷா வருஷம் ஸ்கான் எடுக்கவேண்டும் என்றார். இவர் கேட்டது வேறு.

"டொக்டர், இனி நான் கோவப்படலாம்தானே?"

டொக்டர் சிரித்துக்கொண்டு அவர் தோளில் தட்டினார்.

"அடிக்கலாமோ எண்டுதான் கேக்கிறார்," என்றேன். "நான் கிணத்தடியிலை விழேல்லை, டொக்டர். இந்தக் கை இவர் முறிச்சது."

டொக்டரின் கை தோளிலிருந்து இறங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு இவரிடம், ஒவ்வொரு ஸ்கானுக்கும் மனைவியோடுதான் வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் பல்லைக் கடித்தபடி, "வீட்டை வா," என்றார்.

"வாறன். அடுத்த வருஷம் டொக்டரிட்டையும் வாறன். ஒரு காயம் இருந்தாலும் அங்கை வைச்சுக் காட்டுவன்."

நான் மெதுவாகச் சொல்லவில்லை. முன்சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாவகச்சேரியில் இறங்கும்வரை அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார்.

இந்த வருஷ ஸ்கானுக்கும் போனோம். டொக்டர் படத்தைப் பார்க்க முன்னம் என்னைத்தான் பார்த்தார். குழாய் வைத்த இடத்திலேயே இருக்கிறதாம். அவருடைய கையும்தான்.