சனிக்கிழமை மட்ச்சும் ஒரு துரோகியும்

போன வாரம் இந்த இடத்தில் ஒரு புட்போல் முன்னோட்டம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று சிலர் கேட்டீர்கள். சிலர் கேட்கவே இல்லை – நேரே திட்டினீர்கள். சரி... நடந்ததைச் சொல்கிறேன்.

விளையாட்டைப் பற்றி எழுதுகிற ஆள் நான் இல்லை. ஆனால் தமிழ்ப் பெடியன் ஒருவன் பல்கலைக்கழக ரீமில் குவாட்டர்பாக். இது காலால் உதைக்கிற பந்தாட்டம் இல்லை; ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துகிற ஆட்டம். அதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்தான் குவாட்டர்பாக். சனிக்கிழமை பெரிய மட்ச். தொழில்முறை ரீம்களுக்கு ஆள் பிடிக்கிறவர்களும் பார்க்க வருகிறார்களாம். "ஒருக்காப் போய்ப் பாத்து எழுதுங்கோ அக்கா" என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். போனேன்.

எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற மில்லிக்கனில் வீடு. பெடியன் பெயர் கஜன். தகப்பன் சிவநேசன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வடிவா எழுதுங்கோ அக்கா. தமிழ்ப் பெடியன் எண்டு தலைப்பிலயே வரோணும்."

உள்ளே போனால், பட்டப்பகலில் திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடியிருக்கிறது. கஜன் சோபாவில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருக்கிறான். பக்கத்தில் அவனுடைய உயிர்ச் சிநேகிதன் அபிசன். நகரத்தின் மற்றப் பக்கம், ரெக்ஸ்டேலில் இருக்கிற பெடியன். அதே ரீமில் டிபென்ஸின் கப்டன். பந்தோடு வருகிற எதிராளியைப் பாய்ந்து விழுத்துவது அவன் வேலை. அவனைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"இந்த முறை உங்கட டிபென்ஸ் எப்பிடி?" என்று கேட்டேன்.

"அபி நிக்கிறான்தானே அன்ரி. அவனைத் தாண்டி ஒருத்தனும் வரேலாது" என்றான் கஜன். பிறகு, "நீங்க எந்தப் பேப்பர்?" என்றான்.

சொன்னேன். எதிர் ரீமைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். "நீங்க எந்தப் பேப்பர் அன்ரி?" என்றான் மறுபடி. பகிடி விடுகிறான் என்று சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பவும் கேட்டான். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேத்தண்ணி கொண்டு வந்த தாய் பாதி வழியில் நின்று, அப்படியே குசினிக்குத் திரும்பிப் போனார். அபிசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளைக்கு என்ன?" என்று சிவநேசனிடம் கேட்டேன்.

"போன மட்ச்சிலை தலையிலை சின்ன அடி. படுத்தெழும்பினால் சரியாப் போயிடும்."

"ரீம் டொக்டருக்குத் தெரியுமோ?"

"சொன்னால் விளையாட விடமாட்டாங்கள் அக்கா. இதை எழுதிப்போடாதேங்கோ."

நான் எழுந்துவிட்டேன். "நான் ஒண்டும் எழுதப்போறதில்லை சிவநேசன். இப்பவே இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

அவர் சிரித்தார். "பொம்பிளையளுக்கு உந்த விளையாட்டு விளங்காது."

விளங்காதாம். பெற்ற பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்கு முன் கேட்டது மறந்துபோகிறது... இதில் விளங்காததற்கு என்ன இருக்கிறது?

கார் வரைக்கும் என் பின்னால் வந்தவன் அபிசன்தான்.

"அன்ரி, அவன் என்னட்ட ப்ராமிஸ் வாங்கிட்டான். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"ஆக்களை அடிச்சு விழுத்துறதுதான் என்ர வேலை. எந்த அடி என்ன செய்யும் எண்டு ஐ நோ. இன்னொண்டு விழுந்தா..." அவன் போனை எடுத்தான். "கொஞ்சம் நில்லுங்கோ அன்ரி, ப்ளீஸ். நீங்க போனா நான் கோல் பண்ண மாட்டன்."

நின்றேன். எத்தனையோ பேரைச் சரித்த அந்தப் பெரிய கைகளால் நம்பரைத் தட்டினான். ரீம் டொக்டர் எடுத்தார். அபிசன் எல்லாவற்றையும் சொன்னான்.

அடுத்த நாள் கஜனைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். சனிக்கிழமை மட்டுமில்லை, இந்த சீசனே விளையாடக் கூடாது என்றுவிட்டார்கள். இப்படியே இறங்கி இன்னொரு அடி வாங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் தாயிடம் சொல்லியிருக்கிறார். பயிற்சியில் எந்தப் பக்கம் எறிவது என்று தெரியாமல் அவன் முழித்துக்கொண்டு நின்றபோது, நித்திரை போதாது என்று சொல்லி விட்டவராம் கோச். குவாட்டர்பாக்கின் கையைப் பார்க்கத்தானே அவருக்குச் சம்பளம்? தலையை யார் பார்ப்பது?

பிறகு தொடங்கியது வட்ஸ்அப். தமிழனைத் தமிழனே விழுத்திவிட்டானாம். அபிசனுக்குக் கஜன் மேல் எரிச்சலாம். கடைசியில் அந்தச் சொல்லும் வந்தது – துரோகி. இருபத்தொரு வயதுப் பெடியனுக்கு. ஊரில் உயிரையே எடுத்த அந்தச் சொல்லின் எடை எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எறிகிறார்கள். எறிந்தவர்களில் ஒருவராவது அந்தப் பிள்ளைக்கு இப்போது தலையிடி எப்படி என்று கேட்டீர்களா?

சனிக்கிழமை நான் மட்ச்சுக்குப் போனேன். கோபத்தில்தான் போனேன். வாசலில் கஜனின் தாய் தனியாக நின்றார். புருஷனிடம் சொல்லாமல் பஸ் பிடித்து வந்திருந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். புதுக் குவாட்டர்பாக் எறிந்ததெல்லாம் எதிராளியின் கையில் போய் விழுந்தது. அபிசனின் டிபென்ஸ் விழுந்து விழுந்து எழும்பியது. ஆனாலும் தோற்றார்கள். நன்றாகவே தோற்றார்கள்.

முடிந்ததும் கார் பார்க்கில் அபிசனைக் கண்டோம். முழங்கை உரிந்து இரத்தம் காய்ந்திருந்தது. தாய் அவனுக்குக் கிட்டப் போய் நின்றார்.

"அவன் இரவிலை ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தவன் தம்பி. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கேல்லை. நீ திறந்தாய்."

அவன் ஹெல்மெட்டை நிலத்தில் வைத்தான்.

"இனி உன்னோடை கதைக்க மாட்டன் எண்டு நிக்கிறான். சரியான கோவம்."

அபிசன் தலையாட்டினான். "பரவாயில்லை அன்ரி. அறுபது வயசிலயும் என்னோட கோவமா இருக்கட்டும்."