அக்காவுக்கு நான் எழுதிய பதில்

அக்கா கர்த்தரிடம் போய் ஓர் ஆண்டு ஆகிறது. ஜெபத்துக்கு வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அக்கா ஆம்பூரில் பிறந்தார். அப்பா இறந்ததும் பத்தாம் வகுப்போடு நின்று, ஷூ தொழிற்சாலையில் பசை தடவப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பொறியியல் படித்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, தோல்களின் அளவைக் குறிக்கும் மேசை வேலை அவருக்குக் கிடைத்தது. அதைக் கணினியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிச் செய்யக் கற்றுக்கொண்டால்தான் மேசை நிலைக்கும் என்று மேலாளர் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

அக்கா முதலில் என்னைத்தான் போனில் கேட்டார்.

"தம்பி, பன்னெண்டையும் எட்டையும் கூட்டச் சொன்னா நூத்தி இருபத்தெட்டுன்னு வருது. இன்னா தப்பு பண்ணேன்?"

"வேலையா இருக்கேன்க்கா. நெட்ல கேளு."

கேட்டார். வேறு பெயரில், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில். அங்கே நான் பெரிய ஆள். "இதுகூடத் தெரியாதவர்கள் இங்கே வரவேண்டாம். வேறு வேலை பாருங்கள்" என்று பதில் எழுதினேன். பலர் சிரித்தார்கள். இனி யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வி மூடப்பட்டது. முந்தின நாள் அக்கா கேட்ட அதே கேள்வி என்பது எனக்கு உறைக்கவில்லை. போனில் நான் காதே கொடுத்திருக்கவில்லை.

மாத முடிவில் அக்காவைப் பழையபடி பசைப் பகுதிக்கு அனுப்பினார்கள். பின்னால் வந்த நுரையீரல் நோய்க்கு அதுதான் காரணமா என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, வேறொரு குழுவில் முகம் தெரியாத ஒரு பெண்மணி அக்கா எழுதியதை வாங்கிப் பார்த்தார். "நீங்கள் தட்டியதைக் கணினி எண்ணாக எடுக்கவில்லை, எழுத்தாக எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டது. மூன்றாவது வரியில் எண்ணாக மாற்றுங்கள். நானும் இதே இடத்தில் விழுந்தவள்தான்" என்று எழுதினார். இரண்டு நிமிட வேலை. மேசை போன பிறகு வந்தது.

அதன்பின் அக்காவும் புதியவர்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினார். என்ன செய்து பார்த்தீர்கள், என்ன வந்தது என்று முதலில் கேட்பார். "இது சுலபம்" என்று மட்டும் எழுதவே மாட்டார்.

கடைசி வாரம், வேலூர் மருத்துவமனையில், என் பதிலை வார்த்தை மாறாமல் சொன்னார்.

"பக்கத்துல உன் போட்டோ இருந்துச்சு. நீதானே எழுதின?"

"இல்லக்கா. வேற யாராச்சும் இருக்கும்."

"சரி. சாப்ட்டியா?"

அக்காவைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும் நன்றி. அக்காவின் கணவர், எங்கள் மாமா, எழுதித் தந்த நன்றிப் பட்டியலில், "கணினி கற்றுத்தந்த மைத்துனர்" என்று நானும் இருந்தேன். அக்கா எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். அந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த நன்றி அந்தப் பெண்மணிக்குரியது. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.