மாப்பிள்ளை கார்

திருச்சி ஓட்டல் வாசலில் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள், அறுபதுகளில் வந்த அந்த நீளமான அமெரிக்கக் காரை. வெயிலில் வெந்த ரெக்சின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயசாகிவிட்டது.

கல்லங்குறிச்சியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் 'கப்பல் கார்'தான் வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அப்பா திருச்சியிலிருந்து வரவழைத்தார். அதற்கு மல்லிகைச் சரம் கட்டும்போது அக்கா கேட்டாள்: "ஒரு நிமிசம் உக்காந்து பாக்கட்டாப்பா?"

"மாப்பிள்ளை ஏறுற கார்ல பொண்ணு முன்னாடி ஏறுவாளா? ஊரு சிரிக்கும். உள்ள போ."

சின்னப்பிள்ளைகள் ஏறலாம். நான் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டு ஜன்னலில் நின்ற அக்காவுக்குக் கையாட்டிக்கொண்டே போனேன்.

நாலே மாதத்தில், உதடு கிழிந்து, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பா வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்.

"ஊரே பாக்க கார் வச்சுக் கட்டிக்குடுத்தேன். அடுத்த பஸ்ல போயிடு."

ஸ்டாப் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

"ஏறி உக்காருக்கா, போட்டோ எடுக்கறேன்" என்றேன் இப்போது, ஓட்டல் வாசலில் என்னோடு நின்ற அக்காவிடம். இருபத்தைந்து வருஷம் அந்த ஆளோடு குடித்தனம் நடத்தியவள், கார் கதவைக்கூடத் தொடவில்லை.

"நீ ஏறு. நான் கீழ நின்னு கையாட்டுறேன்."