ஐந்தாம் படியில் ஏறிய தாய்க்கப்பல்

உத்திரமேரூரில் பத்திரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் ஆராவமுதன் டைப்பிஸ்ட். பகலெல்லாம் 'வடக்கே வாய்க்கால், தெற்கே பச்சமுத்து நிலம்' என்று ஊரார் நிலத்துக்கு எல்லை அடித்துக் கொடுப்பார். சாயங்காலம் காப்பி உள்ளே போனதும் அண்டசராசரத்துக்கே எல்லை போட உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டு மேஜைதான் விண்வெளி. குட்டிக் குட்டி விண்கப்பல்களை டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு அது. ஊரில் எதிராளி கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் அவரே ஆடுவார். ஆடித் தோற்றும் போவார். தோற்றுவிட்டு முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்வார். இந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

கப்பல்களும் சொந்தத் தயாரிப்புதான். ஃபேன்சி ஸ்டோரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற ஃபோம் ஷீட்டை வாங்கி, கட்டரால் அறுத்து, இஸ்திரிப் பெட்டியில் சூடு காட்டி வளைத்து ஒட்டுவார். அதன்மேல் ஃபெவிகால் பூசிக் காயவைத்துத்தான் பெயிண்ட். பூசாமல் அடித்தால் ஷீட் பெயிண்டைக் குடித்துவிடுமாம். பத்திரம் எழுத வந்தவர்களுக்குக்கூட இந்த ஞானம் இலவசம். தீர்ந்த பேனா ரீபில் பீரங்கியாகும், மாத்திரை அட்டை ஜன்னலாகும். இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிய ஃபோம் மனைவி பாமாவின் பட்டுப்புடவையில் ஏறிய வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்தக் கோடை முழுக்க உயிரைக் கொடுத்து ஒரு தாய்க்கப்பல் செய்தார். முழ நீளம், வெள்ளிப் பூச்சு. உண்மையிலேயே அழகு, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சென்னையில் இதே பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள், கையால் செய்த கப்பலோடு வாருங்கள் என்று ஞானதாஸ் என்பவர் போனில் அழைத்திருந்தார். நேரில் அசத்தவேண்டும் என்று போட்டோகூட அனுப்பவில்லை இவர். விஷயம் தெரிந்த ஒரு ஆள் தன் கப்பலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, 'பலே' என்று சொல்லவேண்டும். வேறு ஆசையே இல்லை அவருக்கு.

அப்படிப்பட்டவர் என்ன செய்தார்? அமாவாசையன்று பாமா கொலு வைத்தாள். ஐந்தாம் படியில் தசாவதாரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலி. "நம்ம கப்பலை வைப்போமே, வர்றவா அசந்து போயிடுவா" என்று அவரே ஏற்றி வைத்தார். வீண் ஜம்பம்! படியேறிய பொம்மையை விஜயதசமி வரை இறக்கக்கூடாது என்பதும், அந்த ஞாயிறு நவராத்திரிக்கு நடுவில் வருகிறது என்பதும் அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

ஞாயிறு காலை பேண்ட் சட்டை போட்டு, காலி அட்டைப்பெட்டியோடு கொலு முன்னால் வந்து நின்றார். பூ கொடுக்க வந்த பக்கத்து வீட்டு சசிரேகாவும் கூடத்தில் இருந்தாள்.

"எடுக்கப்படாது. படியேத்தினதை நடுவுல எறக்கினா குடும்பத்துக்கு ஆகாது" என்றாள் பாமா.

"இது என்ன பொம்மையா? விண்கலம்! சயின்ஸ்!"

பாமா சண்டை போடவில்லை. அவள் சண்டை போடாவிட்டால்தான் ஆபத்து.

"பொம்மை இல்லேன்னா சாஸ்திரம் அதுக்குக் கிடையாது. பெருமாள் முன்னாடி, இது பொம்மை இல்லேன்னு சொல்லிட்டுத் தாராளமா எடுத்துண்டு போங்கோ."

"சயின்ஸுன்னா இன்னா பயம் சாரு? எத்துக்கினு போங்க, ஜோரா கீது" என்றாள் சசிரேகா.

ஆராவமுதன் கையை நீட்டினார். விரல் கப்பலின் மூக்கைத் தொட்டது. பெங்களூரில் மகள் சுப்ரஜா பிள்ளைத்தாச்சி. அந்த நினைப்பு வந்ததும் சயின்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டது. பாவம், பயந்துதான் போனார்.

"பொம்மைதான்" என்றார்.

"சத்தமா சொல்லுங்கோ, காதுல விழலை."

"பொம்மைதான்!"

பெட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் ஞானதாஸுக்குப் போன் செய்தார். கொலுவுக்குப் பயந்து வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"கப்பல் சரியா வரலை சார். அதான்... வர முடியலை."

"பரவால்ல சார், புதுசுல எல்லாருக்கும் அப்டித்தான்" என்றார் ஞானதாஸ், ரொம்ப அன்பாக. "எடுத்தவொடனே பெருசுல கை வைக்காதீங்க. சின்னதா ஒண்ணு செஞ்சி கத்துக்கோங்க. பெயிண்ட் அடிக்கறதுக்கு மின்னாடி ஃபெவிகால் பூசணும், அது தெரியுமில்ல?"

"அப்படியா சார்?" என்றார் ஆராவமுதன்.