மயில்கழுத்து நிறத்தில் ஒரு கார்

போன வாரம் ஒரு காலை. பால் பொங்கும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. திலகா அக்காவின் மகள் கோமதி. "அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

தாம்பரம் அலுவலகத்தில் அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. அங்கே வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரை நினைத்தால் அவருடைய காரும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அது வந்த கதை பலருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்காவின் புகுந்த வீட்டார் நிலத்தில் ஒரு பகுதியை மனை போட்டு விற்றிருந்தார்கள். கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு பழைய கார் வாங்குவதென்று கணவரின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், முடிவு செய்தார். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பல்லாவரத்துக்குக் கார் பார்க்கப் போனபோது அக்கா என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

பெரியவர் ஒரு வெள்ளை அம்பாசடரின் மேல் கை வைத்தபடி நின்றார். அக்காவின் கண்ணோ அந்தப் பழைய கார் விற்கும் கொட்டகையின் மூலையில் நின்ற இன்னொன்றின் மேல் இருந்தது.

"அதைக் கொஞ்சம் வெயிலுக்குக் கொண்டாங்க. டியூப்லைட்டுல கலர் பொய் சொல்லும்" என்றார்.

வெளியே வந்ததும் வண்டி வேறாகிவிட்டது. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத மயில்கழுத்து நிறம். யாரோ ஆசைப்பட்டு அடித்த பெயின்ட்.

"இன்னாம்மா, வூட்டுக்குக் கார் வாங்க வந்தியா, பொடவை எடுக்க வந்தியா?" என்றார் பெரியவர்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. தெனம் கண்ணு முன்னாடி நிக்கப் போவுது, புடிக்க வேணாமா?"

இரண்டு இன்ஜினும் ஒன்றுபோலத்தான் என்றார் மெக்கானிக். "வெள்ளைதான் கௌரவம்" என்று பெரியவர் திரும்பி நடந்தார். அப்போது அக்காவின் கணவர் ஏகாம்பரம் பேசினார். அண்ணன் எதிரில் உட்காரக்கூடத் தயங்குகிறவர்.

"அண்ணா, இவ்ளோ வருஷத்துல அவ எதுவும் கேட்டதில்ல. இதையே எடுத்துக்கலாம்."

 பெரியவர் நின்று தம்பியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தலையசைத்தார்.

சில வருடங்களில் ஏகாம்பரத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. ராசியில்லாத கலர் என்று உறவினர்கள் முணுமுணுத்தார்கள். விற்றுவிடலாம் என்றார் பெரியவர்.

"ரத்தக்கொதிப்பு அவருக்கு மாமா, வண்டிக்கு இல்ல" என்றார் அக்கா.

அதன்பிறகுதான் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்ததும் கணவரை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போவார். சில நாள் வண்டலூர் பக்கம், சில நாள் பெயர் தெரியாத ஏதோ ஒரு ஏரிக்கரை.

ஒரு மாலை நானும் போயிருந்தேன். திருநீர்மலை அடிவாரத்தில் தூறல் பிடித்தது. மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. அக்கா வண்டியை நிறுத்தி இறங்கினார். சுற்றிவந்து கணவரைத் தாங்கி இறக்கி, காரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தோளை அணைத்துப் பிடித்து நிற்கவைத்தார். நனைந்த கார் வானத்தையும் மலையையும் தன்மேல் வாங்கிக்கொண்டு மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

ஏகாம்பரத்தின் உதடுகள் அசைந்தன. மாதக்கணக்கில் வராத பேச்சு.

"நல்ல... கலரு."

"இதைச் சொல்ல இவ்ளோ நாளா?" என்று அக்கா சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. மழைதானே என்று விட்டிருப்பார்.

ஏகாம்பரம் காலமான பிறகும் பல வருடம் அக்கா தனியாக அந்தக் காரை ஓட்டினார். பெரியவரையே கோயிலுக்கு அழைத்துப் போனார். இப்போது அக்காவும் இல்லை. அழகாக இருக்கும் ஒன்றை யார் எதிரிலும் அழகு என்று சொல்லிவிடும் துணிச்சல், அவரிடமிருந்து கொஞ்சம் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன். கணவரின் தோளை அணைத்தபடி, வண்டியில் குடை இருந்தும் எடுத்து விரிக்கத் தோன்றாமல், தூறலில் அவர் நின்ற அந்த நிற்பையும்.