எஃபியின் அடுப்படியில் போகும் எல்லை

கெல்டர்பர்ன் ஊரின் எல்லைக்கோடு எஃபி லெய்ட்லாவின் அடுப்படி வழியாகப் போகிறது. எந்தப் புண்ணியவானோ இடம் பார்க்காமல் வீட்டைக் கட்டிவிட்டான். அதனால் ஜூன் மாதம் ஊர் எல்லையைச் சுற்றும் நாளில், இருநூறு குதிரைகள் வாசலில் நிற்க, ஊர்க்கொடி ஏந்திவரும் கொடிக்காரன் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுவான். கூடவே கோடாலியோடு வாட் டெல்ஃபர். "கோட்டுல தடை ஏதும் உண்டா?" என்று கொடிக்காரன் கேட்க வேண்டும். வீட்டுக்காரி பதில் சொல்ல வேண்டும். உண்டு என்றால் அது எதுவானாலும் உடைத்து எல்லைக்கு வெளியே எறிந்தாக வேண்டும். வாட் தன் அப்பாவின் கோழிக்கூண்டையே அப்படி நொறுக்கியவன்.

பதினோரு வருஷமாக எஃபி "இல்ல" என்றுதான் சொன்னாள். ஒரு வருஷம் உதடு கிழிந்திருந்தது. இன்னொரு வருஷம் முன்பல் இரண்டைக் காணோம். வந்தவர்கள் அவள் நீட்டிய விஸ்கியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி போனார்கள். அவள் புருஷன் கிடியன் ஊருக்குச் செல்லப்பிள்ளை அல்லவா? மத்தியான ஊர்வலத்தில் அவன் கட்டும் அலங்கார ஊர்திக்குத்தான் எப்போதும் முதல் பரிசு. அந்தக் கை வீட்டில் என்ன செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வெட்கம் கெட்ட ஊர்.

எஃபி பதினாலு வயதில் கம்பளி மில்லில் சேர்ந்தவள். தறிச் சத்தத்தில் யாரிடமும் வாய்விட்டுப் பேசிப் பழகவில்லை.

அந்த வருஷம், 1958இல், விழாக் காலையில் ஊர்திக்கு எஃபி காய்ச்சிய பசை கட்டி தட்டிவிட்டது. கிடியன் சுத்தியல் பிடியால் அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்குமே கேட்டது. தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான்.

"ஊர்வலம் முடியட்டும்டி. உன்னைக் கொன்னு ஆத்துல போட்டுட்டுத்தான் மறுவேலை. இப்ப மூஞ்சியக் கழுவிட்டு விஸ்கிய எடுத்து வை."

சொன்னால் செய்கிறவன் அவன். எஃபி விஸ்கியை எடுத்து வைத்தாள். முகத்தைக் கழுவவில்லை.

வாட்டோடு கொடிக்காரன் வந்தான், இருபது வயதுப் பையன். "கோட்டுல தடை ஏதும் உண்டா?"

"உண்டு."

வாட்டின் தம்ளர் பாதி வழியில் நின்றது. "என்னம்மா சொல்றே?"

"அதோ நிக்குதே, ஆறடிக்கு. தூக்கி வெளிய போடுங்க."

கிடியன் சிரித்தான். "இவளுக்குக் கிறுக்கு. நீ குடி மாப்ள."

வாசலில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் வாட் பக்கம் திரும்பினான். "வாட் அண்ணே, தடைன்னு சொல்லிட்டாங்களே."

கிடியன் பாய்ந்து எஃபியின் கழுத்தை நெரித்தான். வாட் கோடாலியைத் திருப்பிப் பிடித்து, மொட்டைப் பக்கத்தால் அவன் முழங்காலை உடைத்தான். பிறகு ஏழெட்டுப் பேர் உள்ளே புகுந்தார்கள். பின்வாசல் படியில் கிடியனின் தாடை மோதிப் பற்கள் சிதறின. பதினோரு வருஷம் சும்மா இருந்த வெட்கத்தையெல்லாம் அவன் விலாவில் பூட்ஸ் காலால் காட்டி, எல்லைக் கல்லுக்கு அப்பால் வீசினார்கள். எஃபிக்கு ஆறுதலாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. இவ்வளவு சுலபமான வேலையா இது?

வாட் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "இனி அவன் இந்தக் கோட்டைத் தாண்ட மாட்டான்." தலையைச் சொறிந்தான். "அது சரி, மத்தியானம் ஊர்திய யாரு ஓட்டறது?"

எஃபி அவன் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். லாரிமேல் கிடியன் கட்டிய இருபதடி வெள்ளைக் காகிதக் குதிரை நின்றது.

"அது கோட்டுல இல்லியே, எஃபி!" என்றான் வாட்.

"தெரியும்," என்றவள், முறியாத கையால் அதன் முன்னங்காலில் ஓங்கிப் போட்டாள்.